இரும்பு வெட்டும் மெஷினில் டிஸ்க் ஏன் சிக்குகிறது?

கொழும்பில் இரும்புக் கடைக்குப் போனால் பொக்ஸ் பாரும் (உள்ளே வெறுமையான நாற்கோணக் குழாய்) எல் இரும்பும் பெரும்பாலும் 20 அடி நீளத்தில்தான் கிடைக்கும். கேட்டுக்கும் கிரில்லுக்கும் கூரைச் சட்டத்துக்கும் ஏற்ற அளவில் அதை வெட்டுவதுதான் பட்டறையின் முதல் வேலை. கொட்டாஞ்சேனையிலோ தெமட்டகொடையிலோ ஒரு வெல்டிங் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தால் தரையில் ஒரு கட்-ஓஃப் மெஷின் இருக்கும்: 14 அங்குல டிஸ்க், மேலே ஒரு கைப்பிடி, கீழே இரும்பை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ். வேலைக்குப் புதிதாக வரும் பையனிடம் முதல் வாரமே அதைக் கொடுத்துவிடுவார்கள். "அமத்து தம்பி, வெட்டும்" என்பதோடு பயிற்சி முடிந்துவிடும்.

அமத்தினால் வெட்டும் என்பது உண்மைதான். ஆனால் டிஸ்க் உடைவது, மெஷின் துள்ளுவது, துண்டு பறப்பது ஆகிய மூன்றுக்கும் பின்னால் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும். வெட்டு நடந்துகொண்டிருக்கும்போது இரும்பு அசைந்து டிஸ்கைப் பிடித்துவிடுகிறது. டிஸ்க் காலையிலிருந்து மாலை வரை ஒரே மாதிரித்தான் சுற்றுகிறது. ஒவ்வொரு வெட்டிலும் மாறுவது இரும்பும் அதை நாம் வைக்கிற விதமும்தான். ஆகவே புதியவர் டிஸ்கைப் பார்த்துப் பயப்படுவதை விட வைஸைப் பார்த்து யோசிப்பது பயன் தரும்.

இந்த டிஸ்குக்குப் பல் கிடையாது. உப்புத்தாளில் இருப்பது போன்ற கடினமான மணல்மணிகளைப் பிசினில் குழைத்து, உள்ளே கண்ணாடி நார் வலை வைத்து, ஏறக்குறைய 3 மி.மீ. தடிப்பில் அழுத்திச் செய்த தட்டு அது. ஒவ்வொரு மணியும் இரும்பில் ஒரு கீறலை எடுத்துவிட்டு, மழுங்கியதும் உதிர்ந்துபோகும். அடியில் இருக்கும் புது மணி மேலே வரும். டிஸ்க் தேய்வது பழுதல்ல, அது வேலை செய்கிற முறையே அதுதான். மணிகள் வெட்ட வேண்டுமானால் வேகம் வேண்டும். 355 மி.மீ. விட்டமுள்ள டிஸ்கின் சுற்றளவு 1.115 மீட்டர் அளவில் வரும். மெஷின் நிமிடத்துக்கு 3,800 தடவை சுற்றினால் அதன் விளிம்பு செக்கனுக்கு 70 மீட்டர் ஓடுகிறது. மணிக்குச் சொன்னால் 250 கிலோமீட்டருக்கு மேல். தெற்கு அதிவேகப் பாதையில் வாகனத்துக்கு அனுமதித்த உச்ச வேகம் 100. இந்த வேகத்தில் ஓடும் ஒரு மெல்லிய தட்டு நேராக நிற்கும் வரைதான் பலமானது. பக்கவாட்டில் லேசாக வளைத்தாலே விரிசல் விடும்.

வெட்டு வாய் மூடுவது

டிஸ்க் இறங்கும்போது இரும்பில் உண்டாகும் பிளவை வெட்டு வாய் என்று வைத்துக்கொள்வோம். அது திறக்கிறதா மூடுகிறதா என்பதுதான் முழு விஷயமும்.

இதை வீட்டுக் குசினியிலேயே பார்த்துவிடலாம். ஒரு நீளமான வெள்ளரிக்காயை எடுத்து, இரண்டு முனைகளையும் இரண்டு கோப்பைகளின் மேல் வைத்து, நடுவில் கத்தியை இறக்குங்கள். பாதி வந்ததும் நடு கீழே அமிழும், மேல்வாய் நெருங்கும், கத்தியின் இரண்டு பக்கத்தையும் காய் இறுக்கிப் பிடிக்கும். இப்போது அதே காயை மேசை ஓரத்தில் வைத்து, ஒரு பக்கத்தை மட்டும் கையால் அழுத்திக்கொண்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை வெட்டுங்கள். வாய் திறந்துகொண்டே போகும், துண்டு தானாக விழும், கத்தி சிக்காது.

மெஷினிலும் இதேதான். 20 அடி பாரின் இரண்டு முனைகளுக்கும் முட்டுக் கொடுத்து நடுவை வெட்டினால் பார் தன் எடையாலும் உங்கள் அழுத்தத்தாலும் நடுவில் அமிழ்ந்து டிஸ்கைக் கவ்வும். கத்தி என்றால் நின்றுவிடும். 2,000 வொட்டுக்கு மேற்பட்ட மோட்டார் அப்படி நிற்காது. ஒன்று டிஸ்க் நொறுங்கும், அல்லது மெஷினின் தலை கைப்பிடியோடு மேலே எகிறும், அல்லது சரியாக இறுக்காத பார் வைஸிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். மூன்றில் எது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

ஆகவே சுவிட்சைத் தொடுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அறுபட்டதும் இந்தத் துண்டு எந்தப் பக்கம் போகும்? போக வழி இருந்தால் வாய் திறக்கும்.

நடைமுறையில் இது முட்டுக்கொடுக்கும் உயரத்தில் வந்து நிற்கிறது. வைஸில் இறுக்கிய நீளப் பக்கத்தை மெஷின் மேசையின் அதே மட்டத்தில் தாங்க வேண்டும். பாரை வைஸில் தளர்வாக வைத்துவிட்டுக் குனிந்து பாருங்கள். பாருக்கும் மெஷின் மேசைக்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தால் முட்டு உயரம் கூடிவிட்டது. வெளிச்சம் தெரியாமல் முட்டுக்கும் பாருக்கும் இடையே இடைவெளி இருந்தால் முட்டு தாழ்ந்திருக்கிறது. வெட்டி விழப்போகும் பக்கத்துக்குக் கணக்கு வேறு. ஒரு அடிக்குக் குறைந்த துண்டென்றால் எதுவும் வைக்க வேண்டாம், அது விழட்டும். நீளமான துண்டென்றால் முட்டு வைக்கத்தான் வேண்டும், ஆனால் மற்றப் பக்கத்தை விட ஓரிரு மி.மீ. தாழ்வாக. அந்தப் பக்கத்து முட்டு சற்று உயர்ந்தாலும் துண்டு மேல்நோக்கித் தூக்கப்பட்டு வாய் மூடிவிடும். செங்கல்லை அடுக்கி முட்டுக் கொடுக்கிற இடங்களில் டிஸ்க் அடிக்கடி உடைவதற்குக் காரணம் செங்கல் அல்ல, அதன் உயரத்தை ஒருவரும் பார்ப்பதில்லை.

இன்னொரு பொறியும் இருக்கிறது. ஒரே அளவில் ஐம்பது துண்டு வேண்டும் என்றால் அளவுக்கு ஒரு தடை வைத்து, பாரை அதில் முட்டும்வரை தள்ளி, ஒவ்வொன்றாக வெட்டுவார்கள். அந்தத் தடை விழப்போகும் பக்கத்தில், நகராமல் நின்றால், அறுபட்ட துண்டு தடைக்கும் சுற்றும் டிஸ்குக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். சற்றுச் சரிந்தால் போதும், டிஸ்க் அதைத் தூக்கி எறியும். தடையை வைஸ் இறுக்கியிருக்கும் பக்கத்தில் வைக்க முடிந்தால் வையுங்கள். முடியாவிட்டால் அளவு பார்த்து வைஸை இறுக்கியதும் தடையை விலக்கிவிட்டு வெட்டுங்கள்.

வைஸில் எப்படி வைப்பது

டிஸ்க் ஒரே நேரத்தில் எவ்வளவு குறைந்த அகலத்தை வெட்டுகிறதோ அவ்வளவு நல்லது. எல் இரும்பை ஒரு பக்கம் தரையோடு படிய வைப்பது புதியவரின் வழக்கம். அப்படி வைத்தால் டிஸ்க் முதலில் நிமிர்ந்த பக்கத்தைச் சுலபமாக அறுத்துக்கொண்டு வந்து, படிந்திருக்கும் 40 அல்லது 50 மி.மீ. அகலத்தை ஒரே அடியாகச் சந்திக்கும். மோட்டார் திணறும், டிஸ்க் சூடாகும். அதையே வீட்டுக் கூரை போலக் கவிழ்த்து, இரண்டு ஓரமும் கீழே, முதுகு மேலே இருக்கும்படி வைத்தால் தொடக்கத்திலிருந்து முடிவு வரை இரண்டு மெல்லிய சுவர்கள்தான் வெட்டுப்படும். ப வடிவச் செனல் இரும்பையும் அப்படியே, கால்கள் கீழே இருக்கக் கவிழ்க்க வேண்டும். 50க்கு 25 பொக்ஸ் பார் என்றால் 25 பக்கம் மேலே வர நிறுத்துங்கள். பட்டை இரும்பையும் நிமிர்த்தி வைக்கலாம், வைஸ் அதை உறுதியாகப் பிடிக்கிறதா என்று தட்டிப் பார்த்த பின்பு.

இறுக்கிய பிறகு பாரின் நுனியைப் பிடித்து ஒருமுறை ஆட்டுங்கள். பார் அசைந்தால் போதவில்லை. மெஷினே சேர்ந்து அசைந்தால் சரி. கட்டுக்கட்டாக நாலைந்து பாரை அடுக்கி ஒன்றாக வெட்டுவது நேரத்தை மிச்சப்படுத்தும் என்று தோன்றும். ஆனால் வைஸின் தாடை வெளியே இருக்கும் பார்களைத்தான் பிடிக்கிறது. உள்ளே இருப்பது டிஸ்க் தொட்டதும் உருளும். கட்டாயம் அப்படித்தான் வெட்ட வேண்டுமென்றால் முனையில் ஒன்றோடொன்று டெக் வெல்ட் (சின்னப் பொட்டு வெல்டிங்) போட்டு ஒரே உடம்பாக்கிக்கொள்ள வேண்டும்.

வைஸ் பிடிக்காத அளவுக்குக் குட்டையான துண்டைக் கையால் பிடித்து வெட்டக் கூடாது. எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் கூடாது. வைஸின் ஒரு ஓரத்தில் மட்டும் துண்டு நிற்கும்போது தாடை கோணிக்கொள்ளும். அப்போது மறு ஓரத்தில் அதே தடிப்புள்ள இன்னொரு துண்டைச் செருகினால் தாடை நேராக நின்று இரண்டையும் பிடிக்கும். அதுவும் சரிவராவிட்டால் ஹெக்ஸோ, அதாவது இரும்பு அறுக்கும் கைவாள் இருக்கிறது.

டிஸ்கின் முகத்தில் எழுதியிருப்பது

பழைய சோனகத் தெருவில் டிஸ்க் வாங்கும்போது விலையை மட்டும் பார்த்துவிட்டுப் பையில் போடாதீர்கள். லேபலில் அளவு இருக்கும்: 355 × 3 × 25.4 என்பது விட்டம், தடிப்பு, நடுத்துளை. உச்ச வேகம் இருக்கும்: இந்த அளவுக்கு வழக்கமாக நிமிடத்துக்கு 4,300 சுற்று, அல்லது விளிம்பு வேகமாக செக்கனுக்கு 80 மீட்டர். மெஷினின் தகட்டில் இருக்கும் எண் இதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். நடுவில் உள்ள உலோக வளையத்தில் காலாவதி மாதமும் ஆண்டும் குத்தியிருக்கும். பிசின் டிஸ்க் ஈரத்தை இழுக்கும், இழுத்தால் பலம் குறையும். கொழும்பின் காற்றில் இது சின்ன விஷயமல்ல. சீமெந்துத் தரையில் சாய்த்து வைத்த டிஸ்க் ஈரமும் வாங்கும், வளையவும் செய்யும். தட்டையான பலகையில், உலர்ந்த அலுமாரியில் படுக்க வைக்க வேண்டும். விளிம்பு சிதறியது, கீறல் உள்ளது, கீழே விழுந்தது எதையும் பூட்டக் கூடாது. விலை பார்த்துத் தயங்குகிறவர்கள் அதை இரண்டாக உடைத்து எறிந்துவிடுவது நல்லது, பிறகு யாரும் எடுத்துப் பூட்ட மாட்டார்கள்.

வேகம் பற்றிய அந்த எண்ணை மீறும் வழக்கம் பட்டறைகளில் கட்-ஓஃப் மெஷினை விடச் சின்ன கிரைண்டரில்தான் அதிகம். நாலரை அங்குல கிரைண்டரின் கவரைக் கழற்றிவிட்டு 7 அங்குல டிஸ்கைப் பூட்டுவார்கள், ஆழமாக வெட்டுமாம். 7 அங்குல டிஸ்குக்கு உச்சம் 8,500 சுற்று. அந்தக் கிரைண்டர் ஓடுவது 11,000 அளவில். டிஸ்கைப் பிய்க்கப் பார்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவது. கணக்குப் போட்டால், தாங்க வேண்டிய உச்சத்தை விட மூன்றில் இரண்டு பங்கு மேலதிக விசை. போதாததற்குக் கவரும் இல்லை. முகத்துக்கும் டிஸ்குக்கும் நடுவில் இருப்பது காற்று மட்டும்.

இதே வகைத் தவறு இன்னொன்று. கார்பைட் பல் வைத்த இரும்பு வாள் வட்டும் 14 அங்குலத்தில் வருகிறது, துளையும் பொருந்தும். சுத்தமாக வெட்டும், பொறி குறைவு. ஆனால் அது நிமிடத்துக்கு 1,300 சுற்று அளவில் ஓடும் மெஷினுக்கென்று செய்தது. 3,800 ஓடும் கட்-ஓஃப் மெஷினில் அதைப் பூட்டினால் பற்கள் சுட்டுப் பறக்கும். துளை பொருந்துவதால் மட்டும் ஒன்றையும் பூட்டக் கூடாது, இரண்டு வேக எண்களையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் படித்த பின்தான். அலுமினியத்தை இந்தக் கல் டிஸ்கில் வெட்ட வேண்டாம். உருகி மணிகளுக்கு நடுவில் அடைத்துக்கொள்ளும், டிஸ்க் வெட்டாமல் உரசும், சூட்டில் வெடிக்கவும் கூடும்.

டிஸ்க் மாற்றும்போது முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. டிஸ்கை இரு பக்கமும் நெருக்கிப் பிடிக்கும் இரண்டு பிளாஞ்சும் ஒரே விட்டத்தில், துருவோ தூசியோ இல்லாமல் இருக்க வேண்டும். ஒரு பக்கப் பிளாஞ்சுக்குப் பதில் கிடைத்த வொஷரைப் போட்டால் டிஸ்கின் ஒரு பக்கம் வளையும். பூட்டிய பின் கவரை இறக்கி, கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, பிறகு டிஸ்கின் நேர்கோட்டிலிருந்து விலகி நின்று ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். கெட்ட டிஸ்க் பெரும்பாலும் அந்த ஒரு நிமிடத்தில் தன்னைக் காட்டிவிடும்.

வெட்டும்போது

நிற்கும் இடம் கைப்பிடிக்கு ஒரு பக்கமாக. டிஸ்க் சுற்றும் தளத்தை முன்னும் பின்னும் நீட்டினால் வரும் கோட்டில் நீங்களும் வேண்டாம், வேறு யாரும் வேண்டாம். உடைந்தால் துண்டுகள் அந்தக் கோட்டில்தான் வரும். சாரமும் செருப்பும் இந்த வேலைக்கு ஆகாது. நைலோன் கலந்த ரீ-ஷேர்ட்டில் பொறி விழுந்தால் உருகித் தோலில் ஒட்டும். தடித்த பருத்தி டெனிம் நல்லது, காற்சட்டையின் அடியை மடித்துவிடாமல். மடிப்புக்குள் பொறி தங்கி எரியும். கிளவுஸ் பற்றி இரண்டு பேச்சு உண்டு. கையோடு பொருந்தும் தோல் கிளவுஸ் இந்த மெஷினுக்குப் பரவாயில்லை, ஏனென்றால் கை இருக்க வேண்டியது கைப்பிடியில். தொளதொளவென்ற நூல் கிளவுஸ் வேண்டாம்.

சுவிட்சை அழுத்தி, இரண்டு மூன்று செக்கன் பொறுத்து, சத்தம் ஒரே சுதிக்கு வந்த பிறகுதான் டிஸ்கை இரும்பில் தொட வேண்டும். முதல் தொடுகை மெல்ல. ஒரு காடி விழுந்ததும் அழுத்தத்தைக் கூட்டலாம். எவ்வளவு என்று காதுதான் சொல்லும். மோட்டாரின் சத்தம் கொஞ்சம் தாழ்ந்து அப்படியே நின்றால் சரியான அழுத்தம். முனகிக்கொண்டு தாழ்ந்துகொண்டே போனால் அதிகம், கையைத் தளர்த்துங்கள். பயந்து பயந்து தொட்டுத் தொட்டு எடுப்பதும் தவறு. அப்போது மணிகள் உதிராமல் மழுங்கி, டிஸ்கின் விளிம்பு கண்ணாடி போல மினுங்கும், வெட்டு நீலமாகக் கருகும். பிறகு எவ்வளவு அமத்தினாலும் வெட்டாது, ஆட்களும் இன்னும் அமத்துவார்கள்.

அடிச்சுவர் அறுபடப் போகும் கடைசி இரண்டு மூன்று மி.மீ. வந்ததும் அழுத்தத்தைக் குறையுங்கள். திடீரென விடுபட்டால் உங்கள் உடல் பாரமெல்லாம் டிஸ்கின் மேல் போய்விடும். அறுந்ததும் டிஸ்க் சுற்றிக்கொண்டிருக்கும்போதே தலையை மேலே தூக்கி, அதன் பிறகு சுவிட்சை விடுங்கள். வெட்டு வாய்க்குள்ளேயே நிறுத்தினால் துண்டு சரிந்து பிடித்துக்கொள்ளலாம். முழுதாக நிற்கும்வரை வைஸைத் தளர்த்த வேண்டாம். விழுந்த துண்டை உடனே எடுக்கவும் வேண்டாம், சிவப்பு மறைந்த பின்னும் அது கையைச் சுடும். குறடால் எடுத்துத் தண்ணீர் வாளியில் போடுங்கள். நடுவில் டிஸ்க் சிக்கிவிட்டால் கைப்பிடியை ஆட்டி இழுக்காமல் சுவிட்சை விட்டு, பிளக்கைக் கழற்றி, பிறகு முட்டைச் சரிசெய்ய வேண்டும். சிக்கிய டிஸ்கைத் திரும்பப் பயன்படுத்துமுன் கீறல் இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பாருங்கள். பாதி வெட்டிய அந்தக் காடியில் புது டிஸ்கை விட வேண்டாம். பாரைத் திருப்பி வைத்து வேறு பக்கத்திலிருந்து தொடங்குவது நல்லது.

பொறி போகும் தூரம்

கொழும்பில் இடம்தான் பிரச்சினை. பத்து அடி அகலக் கடையில் ஒரு மூலையில் வெட்டு, மறு மூலையில் பெயின்ட் ஸ்பிரே, வாசலில் திருத்த வந்த மோட்டார் சைக்கிள். கட்-ஓஃப் மெஷினின் பொறி பின்பக்கமாகச் சீறிக்கொண்டு பல மீட்டர் போகும். எரியக்கூடியவற்றைச் சுற்றிலும் 10 மீட்டருக்குள் வைக்காதீர்கள் என்பது பொது விதி. அவ்வளவு இடம் இல்லாத பட்டறையில் பொறி விழும் பக்கத்தில் ஒரு தகரத் தட்டியை நிறுத்துவதும், தின்னர் டின்னையும் பெற்றோல் போத்தலையும் வெளியே எடுப்பதும் கட்டாயம். மெஷினைத் திருப்பி வைத்தாலே பாதிச் சிக்கல் தீரும். பலர் அதை வாங்கிய நாளில் வைத்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். பழைய எண்ணெய் பீப்பாயை அடுப்பாக்கித் தரச் சொல்லி யாராவது கொண்டுவந்தால் அப்படியே டிஸ்கை வைக்க வேண்டாம். "காலி பீப்பாய்தானே" என்பார்கள். உள்ளே திரவம் இல்லாவிட்டாலும் ஆவி இருக்கும், வெடிப்பது அந்த ஆவிதான்.

கண்ணுக்குச் சாதாரண மூக்குக்கண்ணாடி போதாது, பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடியும் அதன் மேல் முகத்தட்டும் வேண்டும். இரும்புத்தூள் கண்ணில் விழுந்தால் அந்த நேரம் லேசாக உறுத்தும், இரவில்தான் வலி கூடும். துவாய் நுனியாலோ தீக்குச்சியாலோ பக்கத்து மேசைக்காரர் எடுத்துவிடுவது நம் பட்டறைகளில் ஒரு மோசமான கைவைத்தியம். பதிந்த இரும்பு கருவிழியில் துரு வளையம் விடும், அதை வைத்தியர்தான் எடுக்க வேண்டும். கொழும்பில் தேசிய கண் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. காதுக்கும் மூடி வேண்டும். இந்த மெஷினின் சத்தம் 100 டெசிபெல் அளவில் இருக்கும், அந்த அளவில் ஒரு நாளைக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் மூடியில்லாமல் கேட்பது செவியைக் கெடுக்கும்.

கரன்ட்

2,300 வொட் மெஷின் 230 வோல்ட்டில் 10 அம்பியர் இழுக்கும். மின்விசிறிக்கு வாங்கிய மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் அதற்குத் தாங்காது. 1.5 சதுர மி.மீ. செம்பு குறைந்தது, தூரம் கூடினால் 2.5. சுருளிலேயே விட்டு ஓட்டினால் வயர் சூடேறும், முழுதாக விரித்துவிடுங்கள். கரன்ட் கசிந்தால் தானாக விழும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

2022இல் மணிக்கணக்காகக் கரன்ட் போனபோது பலர் பழகிக்கொள்ளாத ஒரு விஷயம்: சில மெஷின்களின் சுவிட்சில் அழுத்தியபடியே நிறுத்திவைக்கும் பூட்டு இருக்கும். கரன்ட் போனதும் மெஷின் நிற்கும், ஆட்கள் பிளேன்டீ குடிக்கப் போவார்கள், கரன்ட் வந்ததும் ஆளில்லாத மெஷின் தானாக ஓடத் தொடங்கும். கரன்ட் போனால் முதல் வேலை பிளக்கைக் கழற்றுவது.

பல் உள்ள வாள்கள்

வளையமாக ஓடும் நாடா அலகுள்ள பேண்ட்சோவும் ஹெக்ஸோவும் வேறு இனம். அவற்றில் வேகம் குறைவு, பொறி இல்லை. அதனால் ஆபத்தும் இல்லை என்ற நினைப்பு வருகிறது. மெதுவாக ஓடும் பல் கிளவுஸைக் கவ்வினால் விடாமல் உள்ளே இழுக்கும். அலகு ஓடும்போது கிளவுஸே வேண்டாம், அலகை மாற்றும்போது மட்டும் போடுங்கள். சுருட்டிக் கட்டிய பேண்ட்சோ அலகு அவிழ்க்கும்போது சுருள்வில் போல விரியும்.

இங்கே விதி ஒன்றுதான்: இரும்பின் தடிப்புக்குள் எப்போதும் குறைந்தது மூன்று பல் இருக்க வேண்டும். அங்குலத்துக்கு 18 பல் என்றால் ஒரு பல்லுக்கு 1.4 மி.மீ., மூன்று பல்லுக்கு 4 மி.மீ.க்கு மேல் தடிப்பு வேண்டும். 1.5 மி.மீ. பொக்ஸ் பார்ச் சுவரில் ஒன்றிரண்டு பல்தான் பாரம் முழுவதையும் வாங்கி முறியும். அதற்கு 32 பல் அலகை எடுத்து, வாளைச் சற்றுச் சாய்த்து இழுக்க வேண்டும், சாய்த்தால் தொடும் நீளம் கூடும். இதே காரணத்தால் பட்டை இரும்பு இங்கே தலைகீழ்: கட்-ஓஃப் மெஷினில் நிமிர்த்தி வைத்ததைக் கிடையாக அறுக்கும் பேண்ட்சோவில் படுக்க வைக்க வேண்டும். அழுத்தம் சரியா என்று சீவலைப் பார்த்தால் தெரியும். வெள்ளையாகச் சுருண்டு விழுந்தால் சரி, மாவாக விழுந்தால் அழுத்தம் போதாது, நீலம் பாய்ந்திருந்தால் வேகமோ அழுத்தமோ அதிகம். சீவலைக் கையால் தள்ளாமல் தூரிகையால் தள்ளுங்கள்.

காயம் பட்டால்

இலவச அம்புலன்ஸுக்கு 1990. இரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும், பார்ப்பதற்காக அடிக்கடி திறக்கக் கூடாது. விரல் துண்டானால் அதை ஈரத்துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸின் மேல் வைத்து அனுப்புங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக் கூடாது. சூட்டுக் காயத்துக்கு 20 நிமிடம் குழாய்த் தண்ணீர், பற்பசை வேண்டாம்.

மெஷினின் ஆபத்தான பகுதிகளுக்குக் கவர் இருக்க வேண்டும் என்பது முதலாளியின் தயவல்ல, 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சொல்வது. வேலையில் காயம் பட்டவருக்கான நட்டஈட்டுக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. "கவர் மறைக்குது, கழட்டு" என்று சொல்லும் பாஸிடம் இதைப் பேசுவது இலகுவல்ல என்பது வேறு கதை.

மாலையில் கடைசி வெட்டை முடித்த உடனே கதவை இழுத்துப் பூட்டிவிடாதீர்கள். மரத்தூளிலும் பழைய துணியிலும் விழுந்த பொறி அரை மணி, ஒரு மணி நேரம் கழித்தும் பற்றும். கடைசி அரை மணிக்கு வெட்டு வேலை வைக்காமல், அந்த நேரத்தில் தூசியைத் தண்ணீர் தெளித்துக் கூட்டி, டிஸ்குகளை அலுமாரியில் படுக்க வைத்து, பிளக்கைக் கழற்றுங்கள். போகும்போது லைட்டை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் நின்று மெஷினின் பின்பக்கத்தைப் பாருங்கள். வெளிச்சத்தில் தெரியாத கனல் இருட்டில் தெரியும்.